பதினேழாம் எண் அமர்வுக்கு இரண்டு மார்க்

வீட்டில் அவளுக்கு மார்க்கு என்று பெயர். கணவர் போட்டுத் தரும் டீக்குக்கூட பத்துக்கு இத்தனை என்று சொல்லிவிட்டுத்தான் குடிப்பாள். பிழைப்பும் அதுதான். மனநல ஆலோசகர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசியதை, வந்தவர்களின் சம்மதத்தோடு பதிவு செய்து, எழுத்தாக்கி, மார்க் போடும் ஆராய்ச்சி. தூக்கம் வரவில்லை என்று ஓர் ஆண் வந்தால், "ஆபீஸ்ல வேலை அதிகமா?" பெண் வந்தால், "வீட்டுல அனுசரிச்சுப் போறீங்களா?" இந்த வித்தியாசத்தைத்தான் அவள் துரத்திக்கொண்டிருந்தாள். தானும் பன்னிரண்டு வருஷம் ஆலோசகராக நாற்காலியைத் தேய்த்தவள். அந்தத் தொழிலின் தில்லுமுல்லு அத்தனையும் அத்துப்படி என்று ஒரு மிதப்பு.

அவள் முன்பு வேலை பார்த்த மருத்துவமனையையும் சேர்த்து ஐந்து இடங்களின் பழைய பதிவுகள். பெயரை நீக்கி எண் மட்டும் போட்ட, ஆலோசகருக்கு ஒன்றாக நாற்பது அமர்வுகள். பதினேழாவதைப் படித்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று பிள்ளைகளையும் படுக்கையில் கிடந்த மாமனாரையும் ஒண்டியாகப் பார்த்து ஓய்ந்துபோன ஒரு பெண்ணிடம் ஆலோசகர் சொல்லியிருந்தது: "உங்க வீட்டுக்காரர் பக்கமும் யோசிச்சுப் பாருங்களேன். சாயங்காலம் சிரிச்ச முகமா இருந்து பாருங்க."

இரண்டு மார்க் போட்டு ஓரத்தில் எழுதினாள்: "ஆம்பிளையாத்தான் இருப்பான். லைசென்ஸைக் கிழிக்கணும்."

பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்தவள் அந்தத் தாளைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன இளிப்பு?"

"சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்கீங்களே அக்கா."

"வாங்கினவளே கேக்கறேன். சொல்லு."

"அது உங்க குரலுக்கா. அப்ப கொஞ்சம் கீச்சுன்னு இருந்திருக்கு."

காதில் மாட்டிக் கேட்டாள். கீச்சேதான்.

மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்ப ஒரு வாரம்தான் இருந்தது. கணக்குப் போடும் புள்ளியியல்காரர் சுலபமாக வழி சொன்னார். "பதினேழை எடுத்துடுங்க மேடம். ஆராயறவங்களே உள்ள வரக் கூடாது, விதியே இருக்கு. முப்பத்தொன்பது போதும்."

விதி இருந்தது வாஸ்தவம். ஆனால் முப்பத்தொன்பது பேர் மானத்தை வாங்கிவிட்டு, தன்னுடையதை மட்டும் மடித்துப் பீரோவில் வைப்பதா? விஷயம் வெளியே கசிந்தால் மொத்த ஆராய்ச்சியையும் எவரும் நம்ப மாட்டார்கள். வைத்தாலோ, மாநாட்டில் அரங்கமே சிரிக்கும்.

"நான் போட்ட மார்க்தானே செல்லாது? வேற ஆள் போடட்டும்" என்றாள். வேறொரு கல்லூரியில் இதே வேலைக்குப் பழகிய ஒருவருக்கு, பதினேழாவது தாளை எண் மட்டும் போட்டு அனுப்பினாள். இரண்டே நாளில் பதில் வந்தது. ஒரு மார்க்.

போனை எடுத்தாள். "ஒண்ணா? என்ன சார் இது அநியாயம்! 'இந்தாங்க, கண்ணைத் தொடச்சுக்கங்க'ன்னு சொல்லியிருக்காங்களே, அதுக்காவது இன்னொண்ணு போடலாமே?"

"அதுக்கெல்லாம் மார்க் கிடையாது மேடம். இவ்வளவு வக்காலத்து வாங்கறீங்க, உங்களுக்கு வேண்டியவங்களா?"

"ரொம்ப" என்று வைத்துவிட்டாள். பிறகு அட்டவணையில் பதினேழுக்கு நேரே ஒன்று என்று நிரப்பி, அடிக்குறிப்பில் அந்த ஆலோசகர் யாரென்றும், ஓரத்தில் தான் கிறுக்கியது என்னவென்றும் எழுத்து மாறாமல் எழுதினாள்.