டோல் கட்டாத லாரிகள் போகும் ரோடு

எங்கள் வீட்டு வாசலுக்கு முன்னால் போகும் ரோட்டில் டோல் கிடையாது. அதுதான் எங்களைப் பிடித்த சனியன்.

கோலா சாவாவைத் தாண்டி உள்ளே போனால், ஒரு காலத்தில் கித்தா என்கிற ரப்பர் மரமாக இருந்து இப்போது முழுக்க எண்ணெய்ச் செம்பனையாகிவிட்ட தோட்டம். அதன் ஓரத்தில் ஒரு வரிசை வீடுகள். அதில் ஒன்றில் அப்பாவும் நானும் இருக்கிறோம். ஒரு லாரி வந்தால் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் புல்லில் இறங்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான் ரோட்டின் அகலம். முன்பெல்லாம் செம்பனைப் பழம் ஏற்றும் லாரி, பள்ளிக்கூட வேன், நாலைந்து மோட்டார் என்று அதற்குத் தகுந்த கூட்டம்தான் போய்வந்தது. பிறகு மண் லாரி வந்தது, கல் லாரி வந்தது, கண்டெய்னர்கூட வந்தது. போர்ட்டிக்சன் பக்கம் ஹைவேயில் போனால் டோல் கட்ட வேண்டும். எங்கள் வாசல் வழியாகப் போனால் கட்ட வேண்டாம்.

நான் செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறேன். மோட்டாரில்தான் போய்வருகிறேன். மோட்டாருக்கு டோல் கிடையாது என்பதால் டோலைப் பற்றி ஊரே அடித்துக்கொண்டபோதும் அது கார் வைத்திருப்பவர்களின் சண்டை என்றுதான் இருந்தேன். எவ்வளவு பெரிய மடச்சி நான்.

அப்பா பாலுக்காகக் கித்தா மரம் வெட்டியவர். வேலையை விட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. இப்போது மறதி நோய். அம்மா செத்தது மறந்துவிட்டது. என் பெயர் மறந்துவிட்டது. பெரட்டு மட்டும் மறக்கவில்லை. விடிவதற்கு முன் தொழிலாளர்களை வரிசையில் நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டு. பிந்தி வந்தால் கணக்குப் பார்க்கும் கிராணி பேரை அடித்துவிட்டு வீட்டுக்குத் துரத்திவிடுவார், அன்றைய கூலி போச்சு. மறதி எல்லாவற்றையும் தின்றுவிட்டு அந்தப் பயத்தை மட்டும் மிச்சம் வைத்திருந்தது.

இருட்டிலேயே எழுந்துவிடுவார். தலையில் துண்டைக் கட்டிக்கொள்வார். பால் வாளி இல்லாததால் நான் துணி ஊறவைக்கும் பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொள்வார். பெரட்டு நின்ற இடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம், இப்போது அங்கே டெலிபோன் கோபுரம் நிற்கிறது. அங்கே போக ரோட்டைக் கடப்பார். லாரி வெளிச்சம் தெரிந்தால் ஒதுங்கவும் மாட்டார். கித்தாக் காட்டுக்கு ஆள் ஏற்றிப்போக வந்த லாரி என்று நினைத்து நடுரோட்டில் நின்று கையைக் காட்டுவார்.

இரண்டு தடவை நான் ஓடிப்போய் இழுத்து வந்தேன். ஒரு தடவை யாரோ ஒரு லாரிக்காரர் இறங்கி, கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கன்னாபின்னாவென்று என்னைத் திட்டிவிட்டுப் போனார். அவரைக் கும்பிட்டேன்.

என் தம்பியும் லாரி ஓட்டுகிறவன்தான். செனாவாங்கில் குடும்பத்தோடு இருக்கிறான். அவனுடைய முதலாளி, தவுக்கே, டோல் காசை நடைக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கையில் கொடுத்துவிடுவார். ஹைவேயில் போனால் டோலுக்குப் போகும், உள் ரோட்டில் போனால் டிரைவர் பைக்குள் போகும். தவுக்கேவுக்கும் தெரியும், கண்டுகொள்வதில்லை. சம்பளத்தை ஏற்றிக் கேட்காமல் இருந்தால் சரி அவருக்கு. என் தம்பி மிச்சம் பிடித்த காசை அப்படியே என்னிடம் தந்துவிடுவான். நான் ஷிப்டுக்குப் போகும் நேரமெல்லாம் அப்பாவைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அத்தைக்கு அதிலிருந்துதான் கொடுத்தேன்.

ஆக, லாரிகள் டோலை ஏமாற்றி எங்கள் வாசல் வழியாக ஓடியதால் வந்த காசில்தான், அந்த லாரிகளிடமிருந்து அப்பாவைக் காப்பாற்ற ஆள் வைத்திருந்தேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ரோட்டோர ஓட்டுக்கடையில் தினமும் டோல் பேச்சுதான். தேத்தண்ணி வாங்கப் போனால் காதில் விழும்.

“டோல எடுக்கறேன்னு சொல்லித்தானே ஓட்டு வாங்குனான்? எங்க எடுத்தான்?”

“எடுத்தா ரோடு போட்ட கம்பெனிக்கு யாரு காசு குடுப்பா? கவர்மெண்டு குடுக்கும். கவர்மெண்டு காசு யாரு காசு? ஒன் காசுதான் லா.”

“ஹைவே பக்கமே போகாதவன் எதுக்குக் குடுக்கணும்? ஓடுறவன் கட்டட்டும்.”

ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கேட்கக் கேட்க எல்லாமே நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒருவர்கூட, டோல் கட்ட மனமில்லாத லாரி எந்த வழியாகப் போகிறது என்று பேசியதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே கடைக்கு முன்னால் அது போகும். தேத்தண்ணியில் தூசு விழாமல் கையால் மூடிக்கொள்வார்கள்.

வைபி, அதாவது எங்கள் தொகுதி உறுப்பினர், பொதுமண்டபத்தில் கூட்டம் போட்டார். டோல்தான் பேச்சு. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். கேள்வி கேட்கலாம் என்றதும் எழுந்தேன்.

“வைபி, எங்க ரோட்டுல லாரி போகாம பண்ணுங்க. இல்லாட்டி வேகத்தக் கொறைக்க பம்பாவது போடுங்க. எங்கப்பாவுக்கு ஞாபகம் இல்ல. ரோட்டுல போயி நிக்கறாரு.”

அவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். பிறகு என்னைப் பார்த்து அன்பாகத்தான் சொன்னார். “அம்மா, அது தோட்டத்து ரோடு. அரசாங்கம் கை வைக்க முடியாது. மேனேஜர்கிட்ட மனு குடுங்க. டோல எடுத்தாச்சுன்னா லாரியெல்லாம் தானா ஹைவேக்குப் போயிடும். அதுக்குத்தானே போராடறோம்?”

எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் கேள்வி கேட்ட இடத்திலேயே நின்றேன். மேனேஜரிடம் மனு கொடுத்து முன்பே ஆறிப்போயிருந்தது. பொதுமக்கள் போகிற ரோடு, அரசாங்கம்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அடுத்த வாரம் அது நடந்தது. எனக்கு அன்று மதிய ஷிப்ட். வீட்டில்தான் இருந்தேன். விடியற்காலையில் குளியலறைக்குள் போன நேரம். அத்தை வர இன்னும் நேரமிருந்தது. ஹாரன் கேட்கவில்லை, பிரேக்தான் கேட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. ஈரத்தோடு ஓடினேன்.

லாரி ரோட்டுக்குக் குறுக்கே கோணிக்கொண்டு நின்றது. அதன் மூக்குக்கு முன்னால், கை எட்டும் தூரத்தில், வாளியோடு அப்பா. கதவைத் திறந்து இறங்கியவன் என் தம்பி.

அப்பா அவனைத் திட்டிக்கொண்டிருந்தார். “ஏன்டா இம்புட்டு லேட்டு? கிராணி பேரு கூப்ட்டு முடிச்சிருப்பாரு. எடு வண்டிய.” சொல்லிவிட்டு லாரியின் பின்பக்கம் போய் ஏறுவதற்குக் காலைத் தூக்கினார். எட்டவில்லை. மறுபடி தூக்கினார்.

தம்பி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். “நானே அடிச்சிருப்பேன்கா. நானே.” அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அப்பாவை நான் பிடித்துக்கொண்டேன், அவனைப் பிடிக்க ஆளில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, “இனிமே ஹைவேலதான்கா போவேன்” என்றான். வேண்டாம்டா, அந்தக் காசு இல்லாவிட்டால் அத்தைக்கு என்ன கொடுப்பது என்று கேட்க எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

சொன்னபடியே அவன் இப்போது டோல் கட்டிப் போகிறான். அவன் ஒருவன்தான் போகிறான். மற்ற லாரிகள் எல்லாம் வழக்கம்போல எங்கள் வாசலில்தான் ஓடுகின்றன.

அத்தை மூன்று வாரம் சும்மாவே பார்த்துக்கொண்டார். பிறகு ரந்தாவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பாத்திரம் கழுவப் போய்விட்டார். அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே, நான் எந்த வாயால் தடுப்பேன்? முதியோர் இல்லத்தில் கேட்ட கட்டணத்தை நான் இரண்டு வேலை பார்த்தாலும் கட்ட முடியாது. வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கலாம் என்றால் அரிசிக்கு வழியில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். கடைசியில் பூட்டு வாங்கினேன்.

காலை ஷிப்ட் என்றால் இருட்டிலேயே கிளம்ப வேண்டும். சாப்பாட்டை மேசையில் மூடி வைத்துவிட்டு, ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு, பெற்ற அப்பாவை வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டுகிறேன். அவருக்கு அதுதான் பெரட்டு நேரம். முதல் நாட்களில் கதவை உதைத்துக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அது பரவாயில்லை. திட்டினால் மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு போய்விட முடிந்தது.

இன்று அவர் திட்டவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் மெதுவாகத் தட்டினார்.

“கிராணி ஐயா. வந்துட்டேன் ஐயா. பேர அடிச்சிறாதீங்க. வீட்டுல பொம்பளப் புள்ள ஒண்ணு இருக்குங்கய்யா. படிக்கிற புள்ள.”

நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ரோட்டில் ஒரு லாரி போனது. வீடு அதிர்ந்தது. செனாவாங்கில் நான் பிந்தினால் என் பேரையும் அடித்துவிடுவார்கள்.

“ஐயா” என்றார் மறுபடி.

குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, “பேரு போட்டாச்சு. போயி உக்காரு” என்றேன். அப்பாவை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

உள்ளே வாளி தரையில் விழும் சத்தம் கேட்டது. இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டிருப்பார்.