தலையில் ஒரு சுண்டு அரிசி

"2024 ஜனவரி 30, செவ்வாய். தேர்வு காலை 9.20. சுற்றுவட்டத்தின் நடுவில் வண்டி நின்றது. பரிசோதகர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். இரண்டாம் தோல்வி. வடக்கு வேலி முருங்கையில் முதல் பூ."

பச்சை அட்டைக் குறிப்பேட்டில் நான் எழுதிவைத்த வரிகள் இவை. பாரிஸில் ரூ காய் என்ற தெருவில் என் மைத்துனரின் மளிகைக் கடையில், மதியக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு அவற்றைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். குறிப்பேடு எழுதப்பட்ட இடம் இங்கிருந்து ஒரு பெருங்கடல் தாண்டி இருக்கிறது. அந்தக் கடலைத் தாண்டி நாங்கள் வாழ்ந்த மூன்று ஆண்டுகளில் என் மனைவி ஓட்டுநர் உரிமம் எடுத்த கதை இது.

நான் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சுக் குடியுரிமை பிறப்போடு வந்தது. நிலப்பதிவு அலுவலகத்தில் வேலை. மனைவி யாழ்ப்பாணம். தன் அண்ணனின் இந்தக் கடையில்தான் பதினெட்டு ஆண்டுகள் கல்லாவில் இருந்தாள். பாரிஸின் புறநகரான ஸ்தேனில் நான்காவது மாடியில் வீடு. ஓய்வுக்கு முந்திய கடைசி மூன்று ஆண்டுகளுக்கு எனக்குக் கரீபியக் கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான குவாதலூப் தீவுக்கு மாற்றல் வந்தது. 2022 செப்டெம்பரில், புறப்படுவதற்கு முந்திய நாள், சொல்லிக்கொண்டு போக இந்தக் கடைக்கு வந்தோம். மைத்துனர் மரவள்ளிக் கிழங்குகளை அடுக்கிக்கொண்டே ஆரூடம் சொன்னார்.

"மூண்டு மாதம். அதுக்கு மேலை நீ அங்கை நிண்டால் இந்தக் கடையை உன்ரை பேரிலை எழுதித் தாறன்."

"எழுதேக்கை கீழை இருக்கிற கிட்டங்கியையும் சேர்த்து எழுதுங்கோ அண்ணை," என்றாள் மனைவி.

தீவில் மலைச்சரிவில் ஒரு தகரக்கூரை வீடு கிடைத்தது. கீழே வாழைத் தோட்டங்கள், அதற்கும் கீழே கடல். வீட்டைச் சுற்றி மண். ஸ்தேனில் அவளிடம் இருந்த மண் முழுவதும் சன்னலோரத் தொட்டிகள் இரண்டில் அடங்கிவிடும். இங்கே முதல் வாரமே நான்கு மிளகாய்க் கன்றுகள், பிறகு பசளிக் கீரை, பிறகு வேலியோரம் முருங்கைத் தடி. மூன்றாம் நாள் தோசைக்கு மா அரைத்து, ஸ்தேன் வழக்கப்படி போர்வை சுற்றி வைத்தாள். அங்கே ரேடியேட்டருக்கு அருகில் வைத்தாலும் பொங்க இரண்டு நாள் ஆகும். இங்கே விடிந்தபோது மா பாத்திரத்தை விட்டு மேசைக்கும், மேசையை விட்டுத் தரைக்கும் வந்திருந்தது. துடைத்து முடித்தபின் அவள் சொன்னது: "பாத்தியளே, இஞ்சை எல்லாம் கெதியா வளருது."

மூன்று மாதம் கடந்தது. தொலைபேசியில் அண்ணனுக்கு நினைவூட்டினாள். கணக்கு விமானம் ஏறிய நாளிலிருந்து இல்லை, கப்பலில் வந்த பெட்டிகளைப் பிரித்த நாளிலிருந்துதான் என்று அவர் திருத்தம் கொண்டுவந்தார்.

2023 மே மாதம் என் வலது கண்ணில் விழித்திரை விலகியது. அறுவை நல்லபடி நடந்தது. ஆனால் இனி வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பாரிஸில் இது ஒரு பொருட்டே இல்லை. கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் வேண்டியதெல்லாம் இருக்கிறது. அந்த மலைச்சரிவிலோ பேருந்து மாலையில் நின்றுவிடும், ஞாயிறு வரவே வராது. லியோனிலிருந்து மாற்றலாகி வந்த சக ஊழியர் ஒருவர் தினமும் என்னை அலுவலகத்துக்கு ஏற்றிச் சென்றார், சனிக்கிழமைகளில் எங்கள் இருவரையும் சந்தைக்கும். அவருடைய பணிக்காலம் 2024 ஜூன் இறுதியில் முடிய இருந்தது. அதற்குள் வேறு வழி பார்த்தாக வேண்டும்.

"டவுன்ல ஒரு பிளாட் பாத்துக்கலாம்மா," என்றேன்.

"மாடியிலை இருக்கிறதெண்டால் ஸ்தேனிலையே இருக்கலாமே. இஞ்சை ஏன்?" என்றாள். சிறிது நேரம் கழித்து, மிளகாய்க்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே: "நான் பெர்மி எடுக்கிறன். கிடைக்காட்டில் ரெண்டு பேரும் பிளேன் ஏறுவம்."

பெர்மி என்றால் ஓட்டுநர் உரிமம். அவளுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. அதுவரை ஓட்டிய ஒரே வண்டி யாழ்ப்பாணத்தில் சைக்கிள், அதுவும் சாலையின் இடப்பக்கம். தீவில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும்.

எழுத்துத் தேர்வை எளிதாக முடித்தாள். நாற்பது கேள்விகளுக்கு முப்பத்தெட்டு சரி. தவறிய இரண்டையும் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் தீவிலேயே பிறந்த பெண். அவருடைய முன்னோர் கரும்புத் தோட்ட வேலைக்காக நம் கடற்கரையிலிருந்து கப்பலில் வந்தவர்கள். அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் மனைவியோடு அப்படி ஒட்டிக்கொண்டார். பாடம் முடிந்து வந்தால் இருவரும் அரைமணி நேரம் வாசலிலேயே நின்று பேசுவார்கள்.

முதல் தேர்வு 2023 அக்டோபர் 10, செவ்வாய். இடப்பக்கம் திரும்பும்போது சைக்கிள் காலத்துக் கை தானாகச் சாலையின் இடது ஓரத்தைத் தேடிப் போனது. அது நியாயமான தோல்வி, அதில் பேச்சில்லை. "செவ்வாய்க்கிழமையிலை ஆரும் நல்ல காரியம் தொடங்குவினமே?" என்பது மட்டுமே அவள் தரப்பு வாதம்.

இரண்டாம் தேர்வுக்குள் அந்தப் பழக்கம் முழுதாகப் போய்விட்டது. எனவே மேலே கண்ட ஜனவரிக் குறிப்பு எனக்கு விளங்கவே இல்லை. பிரெஞ்சுத் தேர்வில் பரிசோதகர் பக்கத்து இருக்கையில் இருப்பார், கற்றுக்கொடுப்பவர் பின்னால் அமரலாம். பின்னால் இருந்த ஆசிரியைக்கும் விளங்கவில்லை. "அவர் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொன்னார். ஏனென்று தெரியவில்லை," என்றார். மனைவி சொன்னது இது:

"வலப்பக்கம் போ எண்டான். சரியெண்டன். பேந்தும் வலப்பக்கம் எண்டான். நான் பிழையா எங்கையோ போறனாக்கும் எண்டு நினைச்சு பிரேக்கை அமத்தினன், அவனும் அமத்திப்போட்டான். அவனுக்கு என்ன, காது கேக்காதோ?"

விடை பன்னிரண்டாம் நாள் கிடைத்தது. பிப்ரவரி 10, சனிக்கிழமை. லியோன் நண்பரைச் சாப்பிட அழைத்திருந்தோம். ஆட்டிறைச்சிக் கறியும் இடியப்பமும். அவர் தட்டைத் தூக்கிப் பிடித்து, இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமா என்று மரியாதையாகக் கேட்டார். மனைவி சிரித்தபடி தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாகச் சாய்த்தாள். மனிதர் முகம் சிவந்து தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏன், கறி உறைச்சுப் போச்சோ?" என்று என்னிடம் தமிழில் கேட்டாள்.

"இல்லம்மா, நீ தரமாட்டேன்னு சொன்னதா நெனச்சுட்டாரு."

"நான் எங்கை சொன்னன்? ஓம் எண்டெல்லோ தலையாட்டினன்!"

இதைச் சொல்லும்போதும் அதே போலத் தலையைச் சாய்த்தாள். அங்கேயே எனக்குப் பொறி தட்டியது. எழுந்துபோய்க் குறிப்பேட்டை எடுத்து வந்தேன். நண்பருக்கு முழுக் கதையையும் சொன்னோம். ஒன்றரை ஆண்டாக எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் பாதி நேரம் மறுக்கிறார்களே என்று எண்ணி வந்ததாக அவர் ஒப்புக்கொண்டு, மூன்று தரம் கறி போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை ஆசிரியையிடம் சொன்னோம். அவர் நம்பவில்லை. "இது ஆமாம் என்றுதானே அர்த்தம்? எங்கள் வீட்டில் எல்லோரும் இப்படித்தான்," என்று தானும் தலையைச் சாய்த்துக் காட்டினார். மொழி போய் நூறாண்டுக்கு மேல் ஆன குடும்பத்தில் தலையசைப்பு மட்டும் தங்கியிருந்திருக்கிறது. அதனால்தான் நாற்பது மணி நேரப் பாடத்தில் ஒரு தடவைகூட அது அவர் கண்ணில் குறையாகப் படவில்லை. பிரான்ஸிலிருந்து வந்த பரிசோதகருக்கோ, ஒவ்வொரு கட்டளைக்கும் மறுப்புத் தெரிவிக்கும் ஒரு மாணவி. அவர் இரண்டு தரம் சொன்னதில் தவறே இல்லை.

காரணம் தெரிந்துவிட்டது. பழக்கம் போக வேண்டுமே. ஐம்பத்தொரு ஆண்டுத் தலை. வாயால் "உய் மெஸ்யூ", அதாவது சரி ஐயா, என்றாள், தலையும் கூடவே சாய்ந்தது. கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், தோள் சாய்ந்தது. மருந்து அவளே கண்டுபிடித்தாள். சமையலறையில் அரிசி அளக்கும் சுண்டு, அதாவது பால் டின் ஒன்று, ரூ காயிலிருந்து எங்களோடு வந்தது. அதை விளிம்புவரை அரிசியால் நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"இஞ்சருங்கோ, இப்ப நீங்கள்தான் பரிசோதகர். சொல்லுங்கோ."

"அடுத்த வளைவுல வலது பக்கம், மதாம்."

"உய் மெஸ்யூ." சலசலவென்று தரையெங்கும் அரிசி.

மார்ச் 4 முதல் மாலைதோறும் முன்கூடத்தில் பயிற்சி. குளிர்பெட்டியைச் சுற்றி வலது, மேசையைக் கடந்து இடது, கதவருகே நிறுத்து. முதல் நாள் பதினாறு தடவை சிந்தியது. பக்கத்து வீட்டுக் கோழிகள் ஐந்து மணிக்கே வாசலில் வந்து நிற்கப் பழகிக்கொண்டன. ஏப்ரல் 19 அன்று ஓர் அரிசிகூடச் சிந்தவில்லை. கோழிகள் ஏமாந்து திரும்பின. அன்றைய குறிப்பில் "0" என்று எழுதி வட்டமிட்டிருக்கிறேன்.

மூன்றாம் தேர்வு மே 14. அதுவும் செவ்வாய். நான் தேர்வு மையத்தின் வாகன நிறுத்தத்தில் மாமரத்தடியில் காத்திருந்தேன். இதில் தவறினால் அடுத்த தேதி ஜூனுக்குள் கிடைக்காது என்பது எனக்கும் மனைவிக்கும் ஆசிரியைக்கும் தெரியும். நண்பர் போய்விடுவார், நாங்களும் போக வேண்டியதுதான். 8.40க்குப் புறப்பட்ட வண்டி 9.13க்குத் திரும்பியது. மனைவி பின்னோக்கி எடுத்து இரண்டு கோடுகளுக்கு நடுவே நிறுத்தினாள். பரிசோதகர் ஏதோ சொன்னார். அவள் தலை அசையவில்லை, உதடு மட்டும் அசைந்தது. பின்னிருக்கையில் இருந்த ஆசிரியை என்னைப் பார்த்துத் தோளுக்குத் தோள் தலையைச் சாய்த்தார்.

பரிசோதகர் முடிவை அங்கேயே சொல்வதில்லை. இரண்டு நாள் கழித்து இணையத்தில்தான் வரும். வியாழன் மாலை மனைவி கணினியைத் திறக்க மறுத்து முருங்கையடியில் நின்றாள். நான் திறந்தேன். முப்பத்தொன்றுக்கு இருபத்தெட்டு. தேற இருபது போதும். சன்னல் வழியாக உரக்கப் படித்தேன்.

"எந்த மூண்டு போச்சு?" என்று கேட்டாள்.

ஜூன் 29 அன்று லியோன் நண்பரை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டவள் அவள்தான். ஓராண்டாக எங்களை ஏற்றி இறக்கியவர், பக்கத்து இருக்கையில் மடியில் பையுடன் உட்கார்ந்து வந்தார். இறங்கும் இடம் வந்ததும், இங்கே நிறுத்தலாமா என்று அவர் கேட்க, "உய் மெஸ்யூ" என்றாள் தலை நிமிர்ந்தபடி. விடைபெறும்போது அவர் எங்களைப் பார்த்துத் தலையை இரு பக்கமும் சாய்த்தார். கொஞ்சம் வேகம் அதிகம், மற்றபடி குறை சொல்ல முடியாது.

அதன்பின் ஓர் ஆண்டு. நான் அலுவலகம் போனது, சந்தை, கண் மருத்துவரிடம் போய் வந்தது, ஞாயிறுதோறும் தீவின் மறுகரையில் கறுப்பு மணல் கடற்கரை, எல்லாம் அவள் ஓட்டிய வண்டியில். முருங்கைக்காய் காய்த்துத் தள்ளியது. ஆசிரியை வீட்டுக்குக் கட்டுக் கட்டாகப் போனது. எழுதிவைத்த பயணங்கள் நானூற்றுப் பதினொன்று. குறிப்பேட்டில் விபத்து என்ற சொல் இல்லை.

பணி முடிந்து பாரிஸ் திரும்பினோம். 2025 செப்டெம்பர் 16, செவ்வாய். மைத்துனரின் வேன் ஓட்டுபவர் விடுமுறையில் போயிருந்தார், சரக்கு வந்தாக வேண்டும். மனைவி போய் ஏற்றிக்கொண்டு வந்தாள். ரூ காயில் கடைக்கு எதிரே சரக்கு இறக்கும் இடத்தில், இரண்டு வண்டிகளுக்கு நடுவே, ஒரு வேன் அளவு இடைவெளி. மைத்துனர் வாசலுக்கு ஓடிவந்து கைகளை வீசி, ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லத் தொடங்கினார்.

"உடை, உடை! இஞ்சாலை! மெல்ல, மெல்ல! ஐயோ, நில் பிள்ளை!"

சேலைக் கடையிலிருந்தும் சாப்பாட்டுக் கடையிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். அவள் அண்ணனைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைப் பார்த்தாள். ஒரே வளைப்பு, ஒரே நேராக்கல். வேன் நடைபாதையோடு ஒட்டி நின்றது. யாரோ கைதட்டினார்கள். அவள் இறங்கி, சாவியை அண்ணன் கையில் வைத்தாள்.

"கடை எழுதித் தாறன் எண்டு சொன்னனீங்கள். எப்ப அண்ணை?"

"முதல் சாமானை இறக்குவம் பிள்ளை," என்றார் அவர்.

கடை இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கடனை அவர் வேறு வழியில் தீர்த்துவருகிறார். வருகிற வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும், கல்லாவில் இருக்கும் அவளைக் காட்டி, "அந்தத் தீவிலை பெர்மி எடுத்த முதல் யாழ்ப்பாணத்துப் பொம்பிளை என்ரை தங்கச்சி," என்கிறார். இப்போதுகூட கருவாடு வாங்க வந்த ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவளும் மறுப்பதில்லை. நான் அறிந்தவரை, உரிமப் பதிவில் பிறந்த ஊர் இருக்கும், எத்தனையாவது ஆள் என்பது இருக்காது. அவளுக்கு முன் வேறொருவர் எடுத்திருக்கிறாரா என்று தீவில் இருக்கும் ஆசிரியையிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. ஆகவே முதல் பெண் என்பது இந்தத் தேதிவரை உறுதிசெய்யப்படாத தகவல்.