தூணைப் பிடித்த கை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் சேலத்தில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாடி அறை; அதுவே வீடு, அதுவே படம் கழுவும் இருட்டறை. கல்யாணப் படங்களுக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். என் பிழைப்பு ஊர் ஊராகப் போய்த் தெருக்களையும் இடிந்த கோட்டைகளையும் பிடிப்பது. சென்னையில் ஒரு கடைக்காரர் அவற்றைத் தபால் அட்டைகளாக அச்சிட்டு விற்றார். படத்தில் ஆட்கள் இருக்கக் கூடாது என்பது அவர் நிபந்தனை. அதனால் கடைவீதியை, மூட்டை வண்டிகள் வருமுன் விடியலிலேயே பிடித்துவிடுவேன். அம்மாபேட்டையில் தெரு நெடுகப் பாவு நூல் நீட்டியிருந்தபோது, நெசவாளர்கள் விலகும்வரை காத்திருந்து நூலை மட்டும் பிடித்தேன். மனிதர் இல்லாத தெரு அழகாகத்தான் இருந்தது.

ஒரு மாசி மாதம் சங்ககிரிக் கோட்டைக்குப் போனேன். அடிவாரத்தில் கூரை பாதி விழுந்த கல்மண்டபத்தில் ஒரு கணவனும் மனைவியும் தங்கியிருந்தார்கள். ரோட்டுக்குச் சல்லி உடைக்க வந்தவர்கள். அவள் களி கிண்டிக்கொண்டிருந்தாள். புகை தூண்களை மறைத்தது.

"அடுப்ப அணைச்சுட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நில்லும்மா" என்றேன்.

அவள் தண்ணீரைத் தெளித்து அணைத்தாள். பானையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் போய் நின்றாள்.

"ஏனுங்க சாமி, எங்க ரெண்டு பேரையும் சேத்து ஒரு படம் புடிப்பீங்களா?" என்று கணவன் கேட்டான்.

"படத் தகடு மூணுதாம்ப்பா இருக்கு. அடுத்த தடவை பார்க்கலாம்."

"நம்ம மூஞ்சிக்குப் படம் ஒண்ணுதான் கொறச்சல்" என்று அவள் சிரித்தாள்.

லென்ஸ் மூடியை எடுத்து, தகட்டில் வெளிச்சம் பதிய விநாடிகளை எண்ணத் தொடங்கினேன். அதற்குள் அவள் மறந்துவிட்ட களித் துடுப்பை எடுக்க மண்டபத்துக்குள் ஓடி, குனிந்து தேடி எடுத்துத் திரும்பினாள். கண்ணாடித் தகடு ஒன்று வீணாயிற்று. நான் சத்தம் போட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றாள். அடுத்த தகட்டில் மண்டபம் நன்றாகப் பதிந்தது.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் அந்தக் கணவன் என் மாடிப்படியில் வந்து நின்றான். சங்ககிரியிலிருந்து, படம் பிடிக்கிறவர் வீடு எது என்று கேட்டுக் கேட்டு நடந்தே வந்திருக்கிறான். காலெல்லாம் புழுதி.

"அவ போயிட்டாளுங்க. வாந்திபேதி. ஒரே பொழுதுல முடிஞ்சுபோச்சு" என்றான். பிறகு, "அன்னைக்குப் புடிச்சதுல எங்கயாச்சும் ஓரத்துல இருப்பாளுங்களா?" என்று கேட்டான்.

வீணான தகடுகளைச் சுரண்டி, வெறும் கண்ணாடியாக விற்றுவிடுவது என் வழக்கம். முந்தின வாரம்தான் பாதியைக் கொடுத்திருந்தேன். மிச்சம் கிடந்த தகரப் பெட்டியைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கடைசிக்கு முந்தினது அது.

அச்செடுத்து அவனிடம் கொடுத்தேன். மண்டபத்தின் நடுவே புகை போல ஒரு வெண்மை. முகம் இல்லை. குனியும்போது ஒரு கையைத் தூணில் ஊன்றியிருக்கிறாள். அந்தக் கை மட்டும் அசையாமல் இருந்திருக்கிறது. விரல்கள், கண்ணாடி வளையல்கள், எல்லாம் தெளிவாக விழுந்திருந்தன.

பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தான்.

"அவ கைதானுங்க" என்றான். "மூஞ்சிய நீங்களே எழுதிர முடியுங்களா?"

முடியும். பென்சிலால் முகத்தைத் திருத்துவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. எப்படி இருப்பாள், சொல் என்றேன். "மூக்கு..." என்று தொடங்கினான். "நெத்தி கொஞ்சம்..." என்றான். அதற்குமேல் சொல்ல வரவில்லை.

"நீங்களும் பாத்தீங்களே சாமி" என்றான்.

நானும் நினைத்துப் பார்த்தேன். அவள் படச் சட்டத்தை விட்டு விலகிவிட்டாளா என்று மட்டுமே பார்த்திருந்தேன். மூக்கும் நெற்றியும் எனக்கும் தெரியவில்லை.

"ஆரு மூஞ்சியவோ எழுதிப்போட்டா நல்லாருக்காதுங்க. கை போதும்" என்று அவனே சொன்னான்.

கையை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தேன். தலைத்துண்டை அவிழ்த்து அதில் சுற்றி எடுத்துக்கொண்டான். சாப்பிட்டுப் போகச் சொன்னேன். "வாரேனுங்க" என்று படியிறங்கிவிட்டான்.

அடுத்த வாரம் ஒரு பெட்டித் தகடுகளோடு நானே சங்ககிரிக்கு ரயிலேறினேன். சல்லி உடைக்கும் குடும்பங்களைப் படம் பிடிக்க வந்திருக்கிறேன் என்று அவனிடம் சொன்னேன். அவன் தன்னைப் பிடிக்க வேண்டாமென்று சொல்லிவிட்டான். ஆனால் மற்றவர்களை அவன்தான் கூட்டிக்கொண்டு வந்தான். பெண்கள் வெட்கப்பட்டு முந்தானையை இழுத்தார்கள், குழந்தைகள் நெளிந்தன. அவன் என் முக்காலிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவரையும் கெஞ்சினான்.

"அசையாதீங்க சாமி. சித்த நேரந்தான். அசையாம நில்லுங்க."