எடை பார்க்கும் மூலை

லெட்சுமி அக்காவின் எண்ணிலிருந்து குரல் பதிவு வந்தது. ஞாயிறு காலை. பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் தோசைக்காகக் காத்து நின்றேன். ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து அக்காதான் ஏதோ கேலி பேசப்போகிறார் என்று சிரித்தபடியே காதில் வைத்தேன். அவர் கணவரின் குரல். "லெட்சுமி போயிட்டாம்மா." பிறகு வெறும் மூச்சு. பதிவு முடிந்தது.

பண்டமாரானில் எங்கள் சின்ன கிளினிக்குக்கு வந்த எல்லாருக்கும் அவரைத் தெரியும். முன்மேசையில் பெயர் பதிவு செய்பவர். நாற்பத்தொன்பது வயது. நான் உள்ளே மருந்து கட்டுபவள். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல், நான்கு ஆண்டுகளாக.

இருமலோடு வருபவர்களை அக்கா எடை பார்க்கக் கூப்பிடுவார். இருமலுக்கு எடை எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. வெயிட் மிஷின் ஒரு மூலையில், திரைக்குப் பின்னால். அங்கே மனைவி வரமாட்டாள். மகன் வரமாட்டான்.

லோரி ஓட்டும் அங்கிள் ஒருவர் வந்தார். புகை உண்டா, குடி உண்டா, சுகர் உண்டா என்று டாக்டர் கேட்டார். பக்கத்தில் மனைவி. எல்லாவற்றுக்கும் "இல்ல டாக்டர்." அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அங்கிள், வெயிட் பாக்கணும். வாங்க."

திரைக்குப் பின்னால் பேசியது என் ஜன்னலுக்குக் கேட்டது.

"சிகரெட் ஒரு நாளைக்கு எத்தன பாக்கெட்?"

"ஒன்னு... ஒன்னரை."

"பீர்?"

"சனிக்கிழம மட்டும்மா."

"உங்க வாரத்துல எத்தன சனிக்கிழம வருது?"

அங்கிள் சிரித்தார். சிரிப்பு இருமலாகி நிற்கவில்லை. "அவகிட்ட சொல்லிடாதம்மா."

"நான் வெயிட்டதான் எழுதறேன்லா."

எடைக்குக் கீழே டாக்டருக்கு மட்டும் புரியும்படி இரண்டு வரி. டாக்டர் அன்றே எக்ஸ்ரேக்கு அனுப்பினார். நிமோனியா. ஒரு மாதம் கழித்து அங்கிள் தானாக வந்து மிஷினில் ஏறி நின்றார். "மூனு கிலோ ஏறிட்டேன், பாரு."

"என்கிட்ட ஏன் சொல்ல மாட்டேங்கறாங்க?" என்று டாக்டர் ஒருமுறை உண்மையிலேயே வருந்தினார்.

"மொத 'இல்ல' மானத்துக்குச் சொல்றது டாக்டர். நீங்க அதோட விட்டுடுறீங்க" என்றார் அக்கா. இன்னொரு நாள் சொன்னது: "இருமல் எல்லாருக்கும் ஒன்னுதான். ஆளுதான் வேற."

அக்காவின் கடைசித் திங்கட்கிழமை. அதற்கு முந்தின வாரம் அவருக்கு ஃப்ளூ. சரியாகிவிட்டது என்று வேலைக்கு வந்துவிட்டார். சரியாகவில்லை. புது இருமல், கனமாக. வெளியே அவ்வளவு வெயில், அவர் ஸ்வெட்டர் போட்டிருந்தார். விரல்கள் நடுங்கின. நான் ஜன்னல் வழியாகச் சொன்னேன்: "அக்கா, வாங்க. வெயிட் பாப்போம்."

காத்திருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

"ஏய், என்கிட்டயேவா? எனக்கு ஒன்னும் இல்லலா. போடி, போய் மருந்தக் கட்டு."

நானும் சிரித்தேன். போய் மருந்து கட்டினேன்.

புதன்கிழமை வீட்டில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள். ஞாயிறு, அந்தக் குரல் பதிவு.

சாவு வீட்டில் அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சுகர் மாத்திரைய நாலு மாசமா தொடலம்மா. நல்லாதானே இருக்கேன்னு சொல்லிட்டா."

அவர் மாத்திரை வாங்குவது என் ஜன்னலில். நான்கு மாதமாக வாங்கவில்லை. அரசாங்க கிளினிக்கில் வாங்கிக்கொள்கிறார் போலும் என்று நானே முடிவு செய்திருந்தேன். சுகர், அதன்மேல் ஃப்ளூ, அதன்மேல் புது இருமல். வேறு யாராவது அப்படி வந்து நின்றிருந்தால், அக்கா திரையை இழுத்து மூடியிருப்பார்.

திரைக்குப் பின்னால் கேட்டிருக்கலாம். எல்லாருக்கும் முன்னால் கேட்டேன். அவர் மானத்துக்குச் சொன்ன 'இல்ல'யை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

முன்மேசைக்கு இன்னும் ஆள் வரவில்லை. எடை பார்ப்பது இப்போது நான். போன வாரம் ஓர் ஆன்டி, மருமகளோடு. இருமல். மிஷினில் ஏற்றித் திரையை மூடினேன்.

"சுகர் இருக்கா ஆன்டி?"

"இல்லம்மா."

முள் ஆடி நின்றது. எண்ணை எழுதினேன். திரையைத் திறக்கவில்லை.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இவ்வளவுதான். அவரிடம் இரண்டாம் முறை கேட்காமல் விட்ட கேள்வி.

"ஆன்டி, சுகர் இருக்கா?"