படையல் நாளில் மட்டும்

என் தம்பி தோங்மான் டிராக்டர் மெக்கானிக். இஞ்சின் சத்தத்தை வைத்தே எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். கொரியாவில் எங்கள் ஆந்தோங் ஊர்ப் பக்கத்தில் அவனைப் போல ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. அக்கா என்பதால் சொல்லவில்லை.

குடிதான் அவனை ஆட்டிவைத்தது. மார்ச் ஒன்பதாம் தேதி மருத்துவர் அவன் கல்லீரல் படத்தைக் காட்டி, இனிக் குடித்தால் பிழைக்க மாட்டாய் என்றார். அன்று மாலையே என் வீட்டுக்கு வந்து சட்டம் போட்டான்.

"அக்கா, இனிமே சோஜு சாராயத்தைத் தொட மாட்டேன். முன்னோருக்குப் படையல் வைக்கிற அன்னைக்கு மட்டும் ஒரு கிண்ணம். அவங்க குடிச்ச மிச்சத்தை வேண்டாம்னு சொல்ல முடியுமா?"

எங்கள் வீட்டில் வருஷத்துக்கு நான்கு படையல். நான்கு கிண்ணம்தானே என்று நானே காலண்டரில் நான்கு வட்டம் போட்டுக் கொடுத்தேன்.

ஏப்ரலில் பெரியப்பா வீட்டுப் படையலுக்குப் போனான். மே மாதம் அம்மா வழியில் இரண்டு. ஜூனில் மாமனாரின் தாத்தாவுக்கு. ஆகஸ்டுக்குள் பத்தொன்பது வட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு நாளும் ஒரு கிண்ணத்தோடு நிற்கவில்லை.

அவன் மனைவி சுக்யோங் என்னிடம் சொன்னாள். "அண்ணி, நேத்து எதிர்வீட்டுக்காரரோட அப்பா படையலுக்கும் போயிட்டு வந்தாரு. அந்தப் பெரியவர் உயிரோட இருந்தப்ப இவங்க ரெண்டு பேருக்கும் பேச்சே கிடையாது."

பெரியப்பாவுக்கோ பெருமை தாங்கவில்லை. "இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா?" என்று பாராட்டுப் பத்திரம் எழுதிவிட்டார். ஆகஸ்ட் இருபத்துமூன்று, குலப் படையல் முடிந்து கிண்ணங்கள் சுற்றியபின், அதை வாங்க எழுந்த தோங்மான் கால் தடுமாறிப் படையல் மேசைமீது சாய்ந்தான். பேரிக்காயும் கருவாடும் பெரியப்பாவின் வெள்ளை அங்கிமேல் கொட்டின.

"எனக்கே படைச்சிட்டியாடா? நான் இன்னும் சாகலையே" என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தோம். தம்பி சிரிக்கவில்லை. திரும்பும் வழியில் சொன்னான்: "ஒரு கிண்ணத்தோட நிறுத்துறவன் வேற ஆளு, அக்கா. நான் சட்டம் போடுறேன், நானே அதுல ஓட்டையும் போடுறேன்."

மறுநாள் அவனே ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தான். பதினாறு நாள். முதல் நான்கு நாள் அவன் கை நடுங்கியதால் கஞ்சியை சுக்யோங்தான் ஊட்டினாள். வந்தபின், குடியை விட்டவர்கள் கூடும் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தை ஒருமுறைகூட அவன் விடவில்லை.

சூசோக் அறுவடைப் பண்டிகை வந்தது. காலையில் அப்பாவுக்குப் படையல். ஒரே மகன்தான் மதுவை ஊற்றிப் படைக்க வேண்டும், முதல் கிண்ணத்தையும் அவன்தான் குடிக்க வேண்டும். அந்த ஒரு கிண்ணம் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

இரண்டு கையாலும் ஊற்றினான். ஒரு சொட்டு சிந்தவில்லை. வணங்கி முடிந்ததும் பெரியப்பா கிண்ணத்தை நீட்டினார்.

"ஒரு வாய்தானேடா. உங்கப்பன் ஆசி."

"ஒரு வாய் குடிக்க எனக்குத் தெரியாது, பெரியப்பா." கிண்ணத்தை மரியாதையாக வாங்கி என் பக்கம் நீட்டினான். "அப்பாவுக்கு மூத்த பிள்ளை அக்காதான். அவ குடிக்கட்டும்."

எங்கள் குடும்பத்தில் முதல் கிண்ணத்தைப் பெண் தொட்டதில்லை. பெரியப்பாவின் புருவம் ஏறியது. தம்பியைப் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கையில் எடுத்தார்.

"சீக்கிரம் குடிம்மா. சூப் ஆறுது."

குடித்தேன். தொண்டை எரிந்தது.

"இதுக்காடா இத்தனை பாடு?" என்றேன் தம்பியிடம்.

"அதை என்கிட்ட கேக்காத" என்றவன், கொழுக்கட்டைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.