மூன்றாவது தாளை எடுத்தது நான்

அபிராமியின் கட்டுரையை வெட்டியது அரசாங்கம் அல்ல. நான்!

இதைச் சொல்லும்போது என் குரல் தழுதழுக்கும், கண் கலங்கும் என்று நீங்கள் எதிர்பார்த்தால்... மன்னிக்க வேண்டும், அது நடக்காது. நான் அழுகிற ஆள் இல்லை. என் பெயர் ரெஜினா. கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே இருந்து, முப்பது வருடமாக பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்து ஆங்கில இலக்கியம் ரியூஷன் கொடுக்கிறேன். பிள்ளைகளுக்கு நான் 'ரெஜினா மிஸ்'. என்னைத் துணிச்சல்காரி என்பார்கள். எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறார்கள்! நானும் பேசாமல் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இனி இருக்கமாட்டேன்.

யுத்தத்தின் கடைசி ஆண்டுகள் அவை. அபிராமிக்குப் பதினேழு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தாயும் மகளும் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையொன்றில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார்கள். வகுப்பில் முன்வாங்கில் இருப்பாள். நான் சொல்வதை எழுதாமல் என் முகத்தையே பார்ப்பாள். "என்னடி பார்க்கிறாய், எழுது" என்றால், "யோசிக்கிறன் மிஸ்" என்பாள். யோசிக்கிறாளாம்! பரீட்சைக்கு ஐந்து மாதம் இருக்க யாராவது யோசிப்பார்களா?

அந்த வருடம் பாடத்துக்கு வந்த நாவலின் பெயர் இங்கே வேண்டாம். கொடுங்கோல் நாடொன்றைப் பற்றிய பழைய கதை. அந்த நாட்டில் எந்த வீட்டுக் கதவுக்கும் உட்பக்கத்தில் தாழ்ப்பாள் கிடையாது. அரசாங்கம் கழற்றிக்கொண்டு போய்விட்டது. தாழ்ப்பாள் எல்லாம் வெளிப்பக்கம். அதிகாரி விரும்பினால் திறப்பான், விரும்பினால் பூட்டுவான். ஆகவே சனங்கள் படுக்கப் போகுமுன் கதவுக்குப் பின்னால் ஒரு நாற்காலியை இழுத்து வைப்பார்கள். அந்த நாற்காலி எந்த அதிகாரியையும் தடுக்காது. என்றாலும் வைப்பார்கள்.

'தாழ்ப்பாள்: அரசின் கட்டுப்பாடு. நாற்காலி: தனிமனித சுதந்திரத்தின் கடைசித் துளி.' இது என் குறிப்பு. நான் சொல்ல, முப்பது பேனைகள் ஒரே நேரத்தில் எழுதும். அதைப் பாடமாக்கி அப்படியே கொட்டினால் 'ஏ' நிச்சயம். ரெஜினா மிஸ்ஸின் குறிப்பு போட்டோக் கொப்பியாகிக் கல்கிசை வரைக்கும் கைமாறியது. எனக்கு அதில் பெருமை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

மனிதர்களின் தலைக்குள்ளே ஓர் அரசு எப்படி ஒரேயொரு அர்த்தத்தை ஏற்றுகிறது என்பதைச் சொல்ல வந்த நாவல் அது. அதற்கு நான் கொடுத்தது ஒரு குறியீட்டுக்கு ஓர் அர்த்தம்! சிரிப்பு வருகிறதா? வரட்டும். எனக்கு அன்று வரவில்லை.

மாணவர்களுக்காக அரசாங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியொன்று அப்போது வந்தது. அபிராமி நான்கு புல்ஸ்கேப் தாள்களில் எழுதி என்னிடம் தந்தாள். அதை ரைப் பண்ணி, கையொப்பமிட்டு, அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு. ஆசிரியர் ஒப்பமிட்டால்தான் எடுப்பார்கள்.

இரண்டு தாள் வாசித்தேன். நல்ல பிள்ளை, நல்ல ஆங்கிலம். மூன்றாவது தாளுக்கு வந்தேன். அவள் ஆங்கிலத்தில் எழுதியதை என் தமிழில் சொல்கிறேன். ஒரு சொல்லும் மறக்கவில்லை.

'நாற்காலி சுதந்திரம் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அது பிழை. நாற்காலி பழக்கம். கதாநாயகனின் மனைவி ஒவ்வொரு காலையும் அந்த நாற்காலியைத் துடைக்கிறாள். அதிகாரி தாழ்ப்பாளை இழுக்கிற காட்சியைவிட அவள் துடைக்கிற காட்சிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எங்கள் பொலிஸ் பதிவை அம்மா பிளாஸ்ரிக் உறையில் போட்டுப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை படத்தைத் துடைக்கும்போது அதையும் சேர்த்துத் துடைக்கிறார். துடைக்கும்படி யாரும் அவருக்குச் சொல்லவில்லை.'

பொலிஸ் பதிவு என்றால் என்னவென்று தெரியாத இளம் வாசகர்களுக்காக: கொழும்பில் தமிழர் வீடொன்றில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்து, சீல் அடித்து வாங்கி வைத்திருக்கும் தாள். சோதனைக்கு வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அது கையில் இல்லாவிட்டால் அன்று உங்கள் நாள் எங்கே முடியும் என்று யாருக்கும் தெரியாது.

அந்த மூன்றாவது தாளை நான் ரைப் பண்ணக் கொடுக்கவில்லை. இரண்டாவது தாளின் கடைசி வரியையும் நான்காவது தாளின் முதல் வரியையும் ஒட்ட வைக்க, என் கையாலேயே ஒரு வசனம் எழுதிச் சேர்த்தேன். 'இவ்வாறு நாற்காலி தனிமனித சுதந்திரத்தின் கடைசித் துளியாக விளங்குகிறது.' பார்த்தீர்களா! வெட்டியது மட்டுமல்ல, வெட்டிய இடத்தில் என்னை நட்டும் வைத்தேன். தாளைக் கிழித்து, வீடு திரும்பும் வழியில் வெள்ளவத்தைக் கால்வாய்க்குள் போட்டேன்.

மறுநாள் அபிராமியையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். உறை ஒட்டியிருந்தது. வாங்கியவர் ஒரு சிங்களக் கிளாக்கர். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருந்தார். கண்ணாடிக்கு மேலால் அபிராமியைப் பார்த்து, "யாப்பனேத?" என்று கேட்டார். யாழ்ப்பாணமா என்று. அவள் தலையாட்டினாள். அவர் சீல் அடித்தார். அவ்வளவுதான்.

பரிசு கிடைக்கவில்லை. ஆனால் தெரிவான கட்டுரைகளைச் சேர்த்து ஒரு சிறு புத்தகம் போட்டார்கள். அதில் அவளுடையதும் இருந்தது. புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்புக்கு ஓடி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"வெட்டிப்போட்டாங்கள் மிஸ்! அம்மாவைப் பற்றி எழுதினது முழுக்க இல்லை! அந்தக் கண்ணாடிக்காரன்தான்... என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிஞ்சுது!"

நான் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தால் போதும்.

"ஓம் பிள்ளை. அவங்கள் அப்படித்தான்" என்றேன்.

வெட்டியதைவிட இது பெரிய பாவம் என்று நினைக்கிறேன். வெட்டும்போது ஒரு பிள்ளைக்குத்தான் துரோகம் செய்தேன்...

இந்த இடத்தில் உங்களுக்கு என்மேல் இரக்கம் வரத் தொடங்கியிருக்கும். எனக்குத் தெரியும். 'பாவம், பயந்திருப்பாள், அந்தக் காலம் அப்படி, பிள்ளையைக் காப்பாற்றத்தானே' என்று சொல்வீர்கள். நானும் பல வருடம் எனக்கு அதையே சொன்னேன். அந்த இரக்கத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்! எனக்கு வேண்டாம்!

பயம் இருந்தது. யாருக்கு இருக்கவில்லை? ஆனால் பயம் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது கோபம். 'எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அது பிழை.' அந்த இரண்டு வசனம்! என் குறிப்பைப் பிழை என்று ஒரு பதினேழு வயதுப் பெட்டை எழுதிவிட்டாள். எழுதியது மட்டுமல்ல, அவள் சொன்னது சரி! வாசித்த அந்தக் கணமே தெரிந்தது, அவள் சொன்னதுதான் சரி என்று. நான் இருபது தடவை வாசித்த நாவலில் அந்தத் துடைக்கிற காட்சியை நான் ஒருநாளும் காணவில்லை. அவள் கண்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பொலிஸ் என்பது எனக்கு வசதியான சாட்டு. எவ்வளவு கௌரவமான சாட்டு! இந்த நாட்டில் தமிழர் எவரும் அதைக் கேள்வி கேட்கமாட்டார்கள்.

அரசாங்கம் அந்தப் பந்தியை வெட்டியிருக்குமா? தெரியாது. வெட்டியும் இருக்கலாம். பதினேழு வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டு விசாரித்தும் இருக்கலாம். எத்தனையோ செய்தவர்கள்தான், அவர்களுக்கு நான் வெள்ளையடிக்க வரவில்லை. ஆனால் செய்யாத ஒன்றை அவர்கள் பெயரில் எழுத விடமாட்டேன். அவர்கள் செய்தவற்றின் பட்டியல் போதுமான நீளம். அதற்குள் என் பெயரை ஒளித்துவைக்க நான் சம்மதியேன்.

கோவிலில் சொன்னாயா என்று கேட்பீர்கள். கொட்டாஞ்சேனைக்காரி, ஞாயிறு பூசை தவறாதவள். சொல்லவில்லை! பாவசங்கீர்த்தனத்தில் முழங்காலில் நின்று, பொறாமைப்பட்டேன், கோபப்பட்டேன் என்று சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். ஃபாதர் நல்ல மனிதர். சொன்னால் மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொல்லி மன்னித்துவிடுவார். அவ்வளவு மலிவாக முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அபிராமி வளர்ந்தாள். சட்டம் படித்தாள். எழுதினாள். இன்று அவள் பெயரைச் சொன்னால் உங்களில் பலருக்குத் தெரியும்; அதனால்தான் இங்கே அவள் பெயரை மாற்றியிருக்கிறேன். போன வருடம் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் அவளுடைய கட்டுரை நூல் வெளியானது. முதல் கட்டுரையே அந்தப் பந்தி வெட்டப்பட்ட கதைதான். நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி, "யாப்பனேத?", எல்லாம் இருந்தது. 'அந்த மனிதர் என் அம்மாவை என் கட்டுரையிலிருந்து வெளியேற்றினார்' என்று எழுதியிருந்தாள். மண்டபம் கைதட்டியது. முதல் பிரதியை எனக்குத் தந்தாள். வாங்கினேன். சால்வையும் போட்டார்கள்.

அதற்குப் பிறகும் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். உண்மையைச் சொல்கிறேன். என் மனச்சாட்சி அவ்வளவு இலகுவில் எழும்புகிறதல்ல.

அந்தக் கட்டுரையைச் சிங்களத்தில் யாரோ மொழிபெயர்த்துப் பத்திரிகையில் போட்டார்கள். மாதம் ஒன்று போயிருக்கும். பாமன்கடையில் ஒரு பாமசியில் பிரஷர் குளிசை வாங்க நின்றேன். பின்னாலிருந்து, "மிஸ்..." என்றார் ஒருவர். வயது போய்விட்டது, கண்ணாடி புதிது, ஆனாலும் ஆளைத் தெரிந்தது. அந்தக் கிளாக்கர் மாத்தையா. மாத்தையா என்றால் சிங்களத்தில் ஐயா.

சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். வரவில்லை. பாதி சிங்களம், பாதி தமிழ். "மம கெபுவே நே மிஸ்" என்றார். நான் வெட்டவில்லை மிஸ். "எனக்கு இங்கிலீஷ் வாசிக்கவே சரியா வராது. சீல் மட்டும்தான் அடிச்சது. மகள் பேப்பர் பார்த்திட்டு, அப்பா ஏன் அப்படிச் செய்தது என்று கேட்டு அழுகிறா. நீங்கள் அன்றைக்குப் பக்கத்தில் நின்றது. உங்களுக்குத் தெரியும்தானே மிஸ்?"

என்னைச் சந்தேகிக்கவில்லை அவர்! என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். குளிசைப் பையைக் கையில் பிடித்தபடி, "தெரியும்" என்றேன். அந்த ஒரு சொல்லோடு பாமசியை விட்டு இறங்கினேன்.

அன்று மாலையே அபிராமியின் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி வேண்டாம் என்றேன். இருக்கவும் இல்லை. நின்றபடியே சொன்னேன். தாள், கால்வாய், நான் எழுதிச் சேர்த்த வசனம், என் கோபம், எல்லாம். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் கத்துவாள், கதவைக் காட்டுவாள், கையில் அகப்பட்டதை எறிவாள்... எதற்கும் தயாராக நின்றேன். இன்னும் சொன்னால், அதற்காகத்தான் போனேன்.

அவள் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"மிஸ்... ஆர் வந்தவை வீட்டுக்கு?"

எனக்கு விளங்கவில்லை.

"சிஐடியா? போனில வெருட்டினவையா? பேப்பரில வந்த பிறகுதானே? பயப்பிடாதேங்கோ மிஸ். உங்களை இப்படிச் சொல்ல வைக்கலாம் எண்டு அவங்களுக்குத் தெரியும். வயசுபோன ஒரு ரீச்சர், தனிய இருக்கிறவ..."

"ஒருத்தரும் வரேல்லையடி! நான்தான் வெட்டினனான்!"

"உங்கட குறிப்பு எல்லார் கையிலயும் இருந்தது, அந்த வசனத்தை ஆரும் எழுதியிருக்கலாம். அப்ப அந்தத் தாள் எங்க மிஸ்?"

கால்வாய்க்குள் போட்ட தாளை நான் எங்கே போய் எடுக்க? வழக்கு நடத்துகிறவள் அவள். அவளுடைய கட்சிக்காரர் எத்தனை பேர் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு கையொப்பம் வைத்திருக்கிறார்கள்! அவர்களுக்காக அவள் வருடக்கணக்கில் கோர்ட்டுப் படி ஏறுகிறாள். தானாக வருகிற ஒப்புதல் ஒன்றை அவள் தன் வாழ்நாளில் கண்டதில்லை. நான் அடித்துச் சொல்லச் சொல்ல, அவள் கண்ணில் இரக்கம்தான் கூடியது. நான் வேண்டாமென்று உதறிய அதே இரக்கம்! என்னை ஓட்டோவில் ஏற்றி, ஓட்டோக்காரரின் நம்பரை எழுதிக்கொண்டு, கொட்டாஞ்சேனை போய்ச் சேர்ந்ததும் போனில் கோல் எடுக்கச் சொல்லி அனுப்பினாள்.

நூலின் இரண்டாம் பதிப்பு வந்திருக்கிறது. முதல் கட்டுரையில் புதிதாக ஒரு பந்தி. 'என் வயதான ஆசிரியையைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. என் கட்டுரையை வெட்டியது தானே என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தார்கள்.'

வாசித்தவர்கள் கோல் எடுத்து ஆறுதல் சொல்கிறார்கள். சிங்களப் பத்திரிகையிலும் அது வந்துவிட்டது. கிளாக்கர் மாத்தையாவின் மகளும் அந்தப் பந்தியை வாசித்திருப்பாள்.