கத்த மறந்த பம்ப்

அலுவலகத்தில் அவளுக்கு அபசகுனம் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. அவள் போய் நின்றால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிரல்கூடப் படுத்துவிடும் என்பார்கள். படுக்கவைத்துப் பார்ப்பதுதான் டெஸ்டரான அவள் உத்தியோகம் என்பது யாருக்கும் நினைவு வராது. வீட்டிலும் அப்படித்தான். புதிதாகப் புகை அலாரம் மாட்டியதும் அதன் கீழே காகிதத்தைக் கொளுத்திப் பிடித்தாள். வீட்டை எரித்தாவது அலாரம் நல்லதா என்று பார்த்துவிடுவாள் என்று புருஷன் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான்.

கம்பெனி செய்வது மருந்து ஏற்றும் பம்ப். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நரம்பு வழியே மருந்தை அளந்து அனுப்பும் பெட்டி. நர்ஸ் கைதவறி அதிக அளவை அழுத்தினால் உள்ளிருக்கும் நிரல் ஒரு எக்செப்ஷனை, பிழை அறிவிப்பை, வீச வேண்டும். அதாவது, முடியாது என்று கத்திவிட்டு நிற்க வேண்டும். கத்துகிறதா என்று பார்க்க இருநூற்றுப் பன்னிரண்டு யூனிட் டெஸ்ட். எல்லாம் பச்சை, அதாவது பாஸ். டீம் லீடர் அந்தப் பச்சையைச் சுவர்த்திரையில் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் புது மாப்பிள்ளையைப் போலக் காட்டுவார்.

எட்டு மாதமாக ஒன்றுகூடச் சிவக்கவில்லை. அதுதான் அவளுக்குச் சந்தேகம். நேற்று ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் அம்மாவின் பக்கத்திலும் இதே பம்ப்தான். துணைக்குத் தம்பி.

மதியம் மூன்றேகாலுக்குத் தன் கம்ப்யூட்டரில் இருந்த பிரதியில், அளவைச் சரிபார்க்கும் வரியையே வெட்டிவிட்டு டெஸ்ட்களை ஓட்டினாள். காவல்காரனை அனுப்பியாகிவிட்டது, இப்போது மணி அடித்தே ஆக வேண்டும்.

இருநூற்றுப் பன்னிரண்டும் பச்சை.

டெஸ்ட்களைத் திறந்து பார்த்தாள். வேலையை விட்டுப் போன சீனியர் எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்திருந்தார். அதிக அளவைக் கொடு. பிழை பறந்து வந்தால் பிடி. பிடித்தபின் அது சரியான பிழையா என்று பார். வராமலே போனால்? அதற்கு ஒரு வரி இல்லை. டெஸ்ட் தன் பாட்டுக்கு முடிந்து பச்சை காட்டிவிடும். குற்றவாளி வந்தால்தான் விசாரணை. வராவிட்டால் ஊரில் குற்றமே இல்லை.

டீம் லீடரைக் கூப்பிட்டுக் காட்டினாள். எல்லாம் பாஸ்தானே, ஓடுவதை எதற்கு நோண்டுகிறாய் என்றார் அவர்.

வெட்டிய வரியைத் திரும்ப வைத்தாள். பழைய பதினைந்து வரிக்குப் பதில் ஒன்றே ஒன்று எழுதினாள்: இந்த அளவுக்கு இந்தப் பிழை வந்தே தீர வேண்டும், வராவிட்டால் தோல்வி. அதை இரண்டு விதமாக ஓட்டினாள். பம்பைத் தொடங்கும்போது அதிக அளவு கொடுத்தால், பச்சை. ஓடிக்கொண்டிருக்கும்போது அளவைக் கூட்டினால், சிவப்பு. நடுவில் யாரோ பிழையைப் பிடித்துச் சத்தமில்லாமல் விழுங்கியிருந்தார்கள்; பம்ப் கத்தாமல் அந்த அளவையே ஏற்றிவிடும். அந்த மாற்றத்தின் தேதி பார்த்தாள். எட்டு மாதம்.

டீம் லீடர் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார்.

தம்பிக்குப் போன் போட்டாள்.

"அம்மாவுக்கு மருந்து அளவை எப்ப மாத்துவாங்க?"

"நாலு மணிக்கு. இதோ நர்ஸ் வந்துட்டாங்க. ஏன்க்கா?"

"ஓடுற பம்புல அளவை மாத்த வேண்டாம்னு சொல்லு. கழட்டிட்டுக் கையால ஏத்தட்டும். டாக்டரையும் கூப்பிடு."

"நல்லாத்தானே ஓடுது. பச்சை லைட்டு எரியுது பாரு."

"எரியட்டும்டா. முதல்ல கழட்டச் சொல்லு."

அந்தப் பக்கம் வாக்குவாதம், நர்ஸின் சலிப்பு, பிறகு குழாயைக் கழற்றும் சத்தம். தம்பி திரும்ப வந்து, எடுத்துட்டாங்க, உன்னைத்தான் திட்டுறாங்க என்றான்.

திட்டட்டும் என்றாள். வார்டில் மொத்தம் எத்தனை பம்ப் என்று கேட்டாள். அவன் நடந்துகொண்டே எண்ணும் சத்தம் கேட்டது. பதினொன்றில் நின்றான்.

"எல்லாத்துலயும் பச்சைதான்க்கா. எல்லாக் கட்டிலுக்கும் இப்பதான் மாத்த ஆரம்பிச்சிருக்காங்க."